பிரேக் தாமதித்த மூன்று வாரம்

சர்க்கரை ஆலையின் அந்த இரண்டு லோகோ எஞ்சினையும் நான் பல வருஷம் உள்ளே உட்கார்ந்து ஓட்டியிருக்கிறேன். கரும்புத் தோட்டங்கள்வரை போய், தண்டவாளத்தில் நிரம்பிய ட்ரக்குகளை ஆலைக்கு இழுத்து வருவது என் வேலை. நீண்ட பாதைக்கு அவை லாயக்கில்லை என்றானபின் ரிமோட்டில் ஓடும்படி மாற்றி ஆலை யார்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். வயிற்றுக்கு முன்னால் வார்போட்டு மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி. அதில் முன்னே பின்னே போக ஒரு கைப்பிடி, பிரேக்குக்கு ஒன்று, அவசரத்துக்கு நிறுத்த ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். நான் தரையில் நடந்தபடி கைப்பிடியைத் தள்ளினால், ஆளே இல்லாத வண்டி ட்ரக்குகளைத் தள்ளிக்கொண்டு போகும். பழகுவதற்கு ஒரு சீசன் ஆயிற்று. அப்புறமும் காலியான அந்த ஜன்னலை நான் நேராகப் பார்ப்பதில்லை.

ட்ரக்குகளைக் கொக்கி மாட்டுகிறவர் ஒரு ஃபிஜியர், இந்த மண்ணின் பூர்வகுடி, என் வயதுக்காரர். நாங்கள் பேசிக்கொள்வது இந்தியில்தான். அண்ணன் தம்பி போல ஒருவரையொருவர் பாய் என்று கூப்பிடுவோம். என் கண் அவர் கையில் இருக்க வேண்டும். அவர் கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும், இறக்கினால் தள்ள வேண்டும். அவருடைய உயிர் என் பெட்டியில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வருஷம், இரண்டாயிரத்தில், தலைநகர் சூவாவில் பாராளுமன்றத்துக்குள் ஆட்கள் துப்பாக்கியோடு புகுந்து இந்திய வம்சத்துப் பிரதமரைப் பிடித்து வைத்தார்கள். எண்பத்தேழில் நடந்த முதல் கலகத்தை நாங்கள் ஏற்கனவே பார்த்தவர்கள். ஆனாலும் பயம் பழகவில்லை. மலைப்பக்கம் இந்தியர் வீடுகளில் மாட்டை ஓட்டிப்போனார்கள், கிழங்கைப் பிடுங்கிப்போனார்கள் என்று தினம் ஒரு செய்தி வந்தது. என் மனைவி பகலிலேயே கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடாகக் காலியானது. ஆலையிலும் அப்படித்தான். ரிமோட் பெட்டிகளைச் செய்து பொருத்திய எலக்ட்ரீஷியன் குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். அந்தப் பெட்டியைத் திறந்தால் மறுபடி மூடத் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை.

அவர் போன கொஞ்ச நாளில் பிரேக் தாமதிக்க ஆரம்பித்தது. கைப்பிடியை இழுத்தால் உடனே பிடிக்க வேண்டியது, மூச்சு இழுத்து விடும் நேரம் கழித்துப் பிடித்தது. எப்போதும் இல்லை, எப்போதாவது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை நிறுத்திவிடுவார்கள், என் வேலையும் நின்றுவிடும். மனைவியின் தம்பி நியூசிலாந்திலிருந்து குடியேற்ற ஃபாரம் அனுப்பியிருந்தான், அது பாய்க்கும் தெரியும். அதற்கு, நான் வேலையில் இருக்கிறேன் என்று ஆலையிலிருந்து கடிதம் வேண்டும். கடிதம் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிரேக்கை இரண்டு விநாடி முன்னதாகவே இழுக்கப் பழகிக்கொண்டேன். இப்படி மூன்று வாரம் போனது.

ஒரு பிற்பகல் பட்டாளத்து லாரி ஒன்று யார்டு வாசலில் வந்து நின்றது. ஆலைக்குக் காவல் போட அனுப்பியிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. எங்களுக்கு முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. நான் பத்துப் பன்னிரண்டு ட்ரக்குகளைத் தள்ளிக்கொண்டிருந்தேன். கோணிக்கொண்ட ஒரு கொக்கியை நேராக்க பாய் ட்ரக்குகளுக்கு இடையில் இறங்கிக் கையைத் தூக்கினார். நிறுத்து என்று அர்த்தம். அதே நொடியில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"கையைத் தூக்கு."

திரும்பிப் பார்த்தேன். ஒரு சிப்பாய், துப்பாக்கி என் நெஞ்சுக்கு நேராக. அவன் கண் என்னையும் என் பெட்டியையும், ஆளில்லாமல் நகரும் லோகோவையும் மாறி மாறிப் பார்த்தது. என்னைவிட அவன் அதிகமாகப் பயந்திருந்தான், அதுதான் என்னை உறைய வைத்தது.

நான் பெட்டியை விட்டுக் கையைத் தூக்கினால் வண்டி தானாக நிற்கும், ஆனால் பத்துப் பதினைந்து விநாடி ஆகும். அதற்குள் ட்ரக்குகள் பாயை நசுக்கிவிடும். கை பெட்டியில் இருந்தால் அவன் சுடுவான். யோசித்து முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். என் விரல் பிரேக்கை இழுத்தது, இன்னொரு கை சிவப்புப் பொத்தானை அமுக்கியது.

"தூக்குடா கையை."

பிரேக் பிடிக்கவில்லை. பெட்டியைப் பிடித்தபடியே நின்றேன். பிடி, பிடி என்று முனகினேன், எந்த மொழியில் என்று நினைவில்லை. அப்புறம் சக்கரம் கிறீச்சிட்டது. ட்ரக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மோதும் சத்தம் யார்டு முழுக்க ஓடியது. நான் மெல்லக் கையைத் தூக்கினேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கால்சட்டை நனைந்திருந்தது.

பாய் அந்தப் பக்கமிருந்து வந்தார். கடைசி நொடியில் வெளியே உருண்டிருக்கிறார். சட்டைத் தோள் கிழிந்து, முழங்கையில் ரத்தம். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சிப்பாயிடம் போய் ஃபிஜி மொழியில் மெதுவாகப் பேசினார். எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்டது மட்டும் எனக்குப் புரிந்தது. துப்பாக்கி தாழ்ந்தது. பிறகு அந்தச் சிப்பாய் என் பெட்டியைக் காட்டி இந்தியில் கேட்டான்.

"வண்டியை யார் ஓட்டுறது?"

"இவர்தான்," என்றார் பாய்.

"உள்ளே ஆள் இல்லையே."

"இல்லை. இங்கேயிருந்தே ஓட்டுவார்."

அவன் தலையை ஆட்டிவிட்டு லாரிப் பக்கம் போனான்.

பாய் குழாயடியில் முழங்கையைக் கழுவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பிரேக் லேட்டாப் பிடிச்சுது, இல்ல?" என்றார்.

"ஆமா."

"இன்னிக்குத்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு வாரமா," என்றேன்.

குழாயை மூடினார். "தினம் நான் அதுக்கு நடுவுலதான் இறங்கினேன் பாய்," என்றார். "உனக்குப் போறதுக்கு நியூசிலாந்து இருக்கு. எனக்கு எங்க இருக்கு?" குரலை உயர்த்தவே இல்லை.

வீட்டில் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். ஃபாரம் மேஜைமேல் பாதி நிரப்பியபடி கிடந்தது. அவள் அழுவாள் என்று நினைத்தேன். "அவருக்கு ஏதாவது ஆயிருந்தா, அவர் பெஞ்சாதிகிட்ட என்னை அனுப்பி என்ன சொல்லச் சொல்லியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை யார்டு மேற்பார்வையாளரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்தார்.

"எழுத்துல குடுத்தா ரெண்டு வண்டியையும் நிறுத்தணும். ரிப்பேர் பண்ண ஆள் இல்லை. உனக்கும் யார்டுல வேலை இருக்காது, தெரியுமில்ல?"

"தெரியும்," என்றேன். தாளை வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வாரமே இரண்டு லோகோவிலிருந்தும் ரிமோட் கருவிகளைக் கழற்றினார்கள். வேறொரு லோகோ அவற்றைத் தள்ளிக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால், புல் மண்டிய கிளைப்பாதையில் விட்டது. பார்க்க நாலு பேர்கூட வரவில்லை. சீசன் முடியும்வரை சில்லறை வேலை கொடுத்து, முடிந்ததும் என்னை நிறுத்தினார்கள். வேலைக் கடிதம் இல்லாமல் நியூசிலாந்து எங்களை எடுத்துக்கொள்ளவில்லை. மைத்துனன் எவ்வளவோ முயன்றான்.

கடைசியில் சூவா பக்கம் நகாசியில் மனைவியின் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்தோம். எனக்கு ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை கிடைத்தது. சாமான் ஏற்றிய அன்று பாய் வந்தார். நான் கூப்பிடவில்லை. அந்த நாளுக்குப் பிறகு நாங்கள் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசியதில்லை. அலமாரியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன். மனைவி டீ கொடுத்தாள், நின்றபடி குடித்தார். "ரோட்டுல செக்போஸ்ட் இருக்கும். கேட்டா நிதானமாப் பதில் சொல்லு, பயந்து பேசாதே," என்றார் என்னிடம். லாரியைச் சுற்றி வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார். எனக்குச் சரியாகத்தான் பட்டது. அவர் அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று ஆலைப் பக்கம் நடந்தார்.