நரிமடுவில் விட்ட விரால்

நவநீதன் பேச்சில் கஞ்சன். ஆம்பூர் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில், தைத்து வரும் மேல்தோலை அச்சில் மாட்டி இழுத்து ஒட்டுகிற லாஸ்டிங் பிரிவில் வேலை. மாட்டுவான், ஒட்டுவான், அடுத்த ஆள் பக்கம் தள்ளுவான். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டான். ஆனால் பக்கத்தில் யாராவது தப்பித் தவறி மீன் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. அதன் பிறகு அவனை நிறுத்த மறுபடியும் மணி அடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு கிளம்பிவிடுவான். மலையடிவாரத்துக் கடைசி ஊர்வரை வண்டி போகும். அங்கிருந்து சீத்தா மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் மூச்சு வாங்க ஏறினால் நரிமடு ஏரி. ஏரி என்பது மரியாதைக்குச் சொல்வது. இந்தக் கரையில் தும்மினால் அந்தக் கரைக் கொக்கு பறந்துவிடும். சுற்றிலும் பாறையும் முள்ளும். ஆடு மேய்க்கிறவர்கள்கூடக் கோடையில்தான் அந்தப் பக்கம் வருவார்கள். செல்போனில் சிக்னல் கோடே காட்டாது. அதற்காகத்தான் அவன் அங்கே போகிறான் என்பது அவன் மனைவி யோகலட்சுமியின் கட்சி.

அந்த ஏரியில் மீனுக்குப் பஞ்சமே இல்லை. மைதா உருண்டையை முள்ளில் குத்திப் போட்டால், தக்கை நேராக நிற்பதற்குள் ஒரு ஜிலேபிக் கெண்டை மாட்டும். மறுபடி போட்டால் இன்னொன்று. எல்லாம் விரல் நீளம். அதற்கு மேல் ஒன்றுகூட வந்ததில்லை. எப்போதோ யாரோ கொண்டு வந்து விட்டது, பெருகிப் பெருகி ஏரி முழுக்க அதுவே ஆகிவிட்டது. நவநீதன் மட்டும் நம்பிக்கையை விடவில்லை.

"குட்டியே இத்தினி இருக்குதுன்னா அம்மா அப்பன் எங்கயோ ஆழத்துல இருக்கணும் இல்ல?" என்பான்.

ஒருநாள் அவன் கொண்டுவந்த மீனை ஆய்ந்துகொண்டிருந்த யோகலட்சுமி, ஒன்றின் வயிற்றைப் பிதுக்கிக் காட்டினாள். உள்ளே மஞ்சளாகச் சினை.

"இது குட்டி இல்லீங்க. நாலு பிரசவம் பாத்த பொம்பள."

நவநீதன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கம்பெனியில் அவன் சொல்லும் மீன்கள் வேறு. அங்கே மீனை அவன் ஷூ சைஸில்தான் அளப்பான். முதலில் ஐந்தாம் நம்பர் மீன் பிடித்தான். பொங்கலுக்குள் ஏழாகிவிட்டது. கோடை வரும்போது எட்டாம் நம்பரை எட்டிவிட்டது. கட்டிங் பிரிவில் இருந்த ஃபஹீம், அவன் தோஸ்த், ஒருமுறை அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "நவநீ, பத்துக்கு மேல போவாத. நம்ம கம்பெனியிலயே அந்த அச்சு கெடயாது."

வினை சூப்பர்வைசர் புகழேந்தி ரூபத்தில் வந்தது. நல்ல மனுஷன், சாப்பாட்டுப் பிரியர். ஒரு வியாழக்கிழமை நவநீதன் பக்கத்தில் வந்து நின்றார்.

"வர்ற ஞாயித்துக்கெழம நம்ம லைன் மொத்தமும் உங்க ஏரிக்கு வர்றோம்பா. எண்ண, மசாலா, அரிசி எல்லாம் எங்க பொறுப்பு. மீனு மட்டும் உன்னுது."

நவநீதன் தலையாட்டினான். அன்று அவன் ஒட்டியதில் இரண்டு ஜோடி கோணல்.

"உண்மைய சொல்லிடு" என்றான் ஃபஹீம்.

"அது முடியாது."

"அப்போ மீன கொண்டுபோய் வுடு."

ஃபஹீம் கிண்டலாகத்தான் சொன்னான். நவநீதன் அதைப் பிடித்துக்கொண்டான். சனிக்கிழமை ஷிப்ட் சீக்கிரம் முடிந்ததும் இருவரும் மார்க்கெட்டுக்குப் போனார்கள். ஒரு பாட்டியம்மா அலுமினியத் தவலையில் உயிரோடு விரால் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கறுத்து, கொழுத்து, பாம்புத் தலையோடு ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. நவநீதன் பெரிதாகப் பொறுக்கினான்.

"தேச்சு தரட்டுமாப்பா?" என்று அவள் சாம்பலைக் கையில் எடுத்தாள்.

"வேணாம்மா. உசுரோடதான் வேணும்."

"கண்ணாடித் தொட்டியில வளக்க போறியா?"

பிளாஸ்டிக் குடத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வாயை ஈரச்சாக்கால் கட்டி, ஃபஹீம் அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உள்ளே இருந்தவை அவன் வயிற்றில் உதைத்தன. ஒற்றையடிப் பாதையில் ஏறும்போது சாக்கு நழுவி, இருப்பதிலேயே பெரிய விரால் வெளியே குதித்தது. சரிவில் வழுக்கிக்கொண்டு அது முள்ளுக்குள் புகுந்தது. நவநீதன் குப்புற விழுந்து வாலைப் பிடித்தான். வால் நழுவியது. ஃபஹீம் தன் சட்டையைக் கழற்றி மேலே போட்டு அமுக்கினான். சட்டையோடு சேர்த்துத்தான் அதை ஏரிக்கரைவரை தூக்கிப் போனார்கள்.

தண்ணீரில் விட்டதும் அத்தனையும் ஒரே நொடியில் காணாமல் போயின.

"இதுக்கு பேசாம வூட்ல கொழம்பு வெச்சிருக்கலாம்" என்றான் ஃபஹீம், நாறிப்போன சட்டையைப் பிழிந்தபடி.

மறுநாள் எல்லோரும் வந்தார்கள். பாய் விரித்தார்கள், அடுப்பு மூட்டினார்கள், ஆளுக்கொரு தூண்டில் போட்டார்கள். ஜிலேபி மாட்டியது, மாட்டியது, மாட்டிக்கொண்டே இருந்தது. எல்லாம் விரல் நீளம். விரால் ஒன்றுகூடத் தலை காட்டவில்லை. சேற்றுக்குள் புதைந்து கிடந்தனவோ என்னவோ. புகழேந்தி ஒரு மீனை உள்ளங்கையில் படுக்கவைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்பா, இது எட்டாம் நம்பரா?"

நவநீதன் அடுப்பில் சுள்ளி சொருகப் போய்விட்டான்.

அந்த நேரத்தில், கூட வந்திருந்த யோகலட்சுமி எழுந்துபோய் ஒரு தூக்கைத் திறந்தாள். நிறைய அவித்த முட்டை. ஆளுக்கு ஒன்று தாராளமாக வந்தது. புகழேந்தி ஆச்சரியப்பட்டார். "மீனு புடிக்க வர்ற எடத்துக்கு முட்ட எதுக்கும்மா?"

"மீனு நெறைய கெடைக்கும்னு இவரு சொன்னாரு சார். அதான்."

கம்பெனியில் அன்றிலிருந்து அவனுக்குப் பேபி சைஸ் என்று பேர் விழுந்தது. அதையாவது பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. ஏரியில் மீன் கடிப்பது குறைந்துகொண்டே வந்தது. முன்பு போட்டவுடன் இழுத்த இடத்தில் தக்கை ஆணி அடித்தது போல் நின்றது. ஆடிமாத ஞாயிறு ஒன்றில் காலையிலிருந்து உட்கார்ந்து வெறும் பையோடு திரும்பினான். மழைக்குப் பிறகு ஓரமாகத் தண்ணீர்மேல் செம்பட்டையாக ஏதோ கொதிப்பதுபோல் தெரிந்தது. உற்றுப் பார்த்தால், பொடிப்பொடியாக விரால் குஞ்சுகள் கூட்டமாக நகர்ந்தன. அடியில் கறுப்பாகத் தாயின் நிழல்.

"நாம வுட்டது குடும்பம் நடத்துது" என்றான் ஃபஹீமிடம். "ஜிலேபிய எல்லாம் துன்னு தீத்துடுச்சு. நல்லா இருந்த ஏரிய நாசம் பண்ட்டேன் பாய்."

"அது நல்லா இருந்த ஏரியா?" என்று கேட்டான் ஃபஹீம். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் கூடவே வந்தான். அதற்கடுத்த வாரமும்.

இப்படியே அடுத்த கோடை வந்துவிட்டது. பங்குனி வெயிலில் இருவரும் பாறை நிழலில் கண்ணயர்ந்திருந்தபோது தக்கை ஆடவில்லை, குதிக்கவில்லை, மெதுவாக ஒரு பக்கமாக நகர்ந்து, அப்படியே உள்ளே போனது. நவநீதன் சுண்டினான். கழி வில்லாக வளைந்தது. விராலைத்தான் எதிர்பார்த்தான். கரையில் வந்து விழுந்தது ஜிலேபிக் கெண்டை. இரண்டு கையையும் சேர்த்து விரித்தாலும் அடங்காத அகலம். இருவரும் கொஞ்ச நேரம் அதைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மாலை அதைக் கழுவிக்கொண்டே யோகலட்சுமி சொன்னாள். "நாலு பேரு சோத்த நாப்பது பேரு துன்னா எவன் வளருவான்? இப்போ கூட்டம் கம்மி. இருக்கறது வயிறு நெறைய துன்னுது. அவ்ளோதான்."

"அப்போ நாசம் பண்ணலியா நானு?"

"நல்லதுதான் பண்ணியிருக்கீங்க. தெரியாம."

குழம்பில் பாதி ஃபஹீம் வீட்டுக்குப் போனது. அவன் மனைவி ஜஹீருன்னிசா, மார்க்கெட்டில் எந்தக் கடை என்று கேட்டு ஆளனுப்பினாள்.

திங்கட்கிழமை கம்பெனியில் நவநீதன் செல்போனில் படத்தைக் காட்டினான். புகழேந்தி பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவன் தோளில் தட்டினார். "நல்ல மீனு. எங்க வாங்கின?"

ஏரியில் பிடித்ததுதான் என்று ஃபஹீம் சத்தியம் செய்தான். தோஸ்துக்காக மனுஷன் இவ்வளவு பொய் சொல்கிறானே என்று எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். நவநீதனுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. மத்தியானம் சாப்பிடும்போது வேறு மாதிரி தோன்றியது. இவர்கள் நம்பினால் அடுத்த ஞாயிறே வண்டி வண்டியாக வந்து இறங்குவார்கள்.

"ஆமா சார், வாங்கினதுதான்" என்றான்.

அதன் பிறகு நரிமடு அவர்கள் இருவருக்கே ஆனது. சில வாரம் ஒன்று மாட்டும், சில வாரம் ஒன்றுமே இல்லை. மாட்டினால் கை வலிக்க இழுக்கும். விரால் மட்டும் இன்றுவரை ஒன்றுகூட மாட்டவில்லை.

போன ஞாயிறு போக முடியவில்லை. நெமிலியில் யோகலட்சுமியின் சித்தப்பா வீட்டில் காதுகுத்து. நவநீதன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. பந்திக்கு எழுந்தபோது தென்னை மரங்களுக்குப் பின்னால் ஊர் ஏரி பளபளத்தது. சித்தப்பா பாயசம் ஊற்ற வந்தார்.

"இன்னா மாப்ள, எதாவது வேணுமா?"

"இல்ல மாமா" என்றான். பிறகு இலையைப் பார்த்தபடியே கேட்டான். "அந்த ஏரியில இன்னா மீனு கெடக்குது?"

இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்த யோகலட்சுமி, எழ நேரமாகும் என்று தெரிந்து, நிமிராமலே, தனக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டாள்.