ஐந்து பேர் கட்டிப்பிடித்த விமானம்

கையெடுத்துக் கும்பிடுகிறேன், இதை யாருக்கும் காட்டாதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கண்ணில் பட்டால் போதும், விடிவதற்குள் அப்பா காதுக்குப் போய்விடும். போர்வைக்குள் அம்மாவின் போனை வைத்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைவிட சந்தோஷம் பெரிதாக இருக்கிறது...

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரின் வாசனை. எட்டாம் வகுப்பு என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

குச்சனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே சிவன் கோயிலில் திருப்பணி தொடங்கி, சுண்ணாம்பில் கலக்க அந்தத் தண்ணீரைத் தொட்டி தொட்டியாக ஊறவைத்திருந்தார்கள். கருவறைக்கு மேலே இருக்கும் விமானத்தைச் சுற்றிச் சாரம் கட்டியிருந்தார்கள்.

எங்கள் விமானம் மற்ற ஊர் விமானம் மாதிரி இருக்காது. கீழே சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, உச்சியில் உருண்டைத் தலை. கவிழ்த்துவைத்த சட்டி போல. பஸ் கண்டக்டர்கூட, "மொட்டைக் கோயில்லாம் எறங்கு!" என்றுதான் கத்துவார். எங்களுக்கு அவமானமாக இருக்கும்.

அந்த வருடம்தான் டீச்சர் போர்டில் மூன்று படம் வரைந்தார். சதுரத் தலை நாகரம், எட்டுப்பட்டை திராவிடம், வட்டம் வேசரம். வடக்குப் பாணியும் தெற்குப் பாணியும் கலந்தது வேசரம் என்றார்.

"டீச்சர், எங்க மொட்டைக் கோயிலு!" என்று நான் பெஞ்சில் ஏறி நின்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது.

அன்று சாயங்காலமே ஐந்து பேர் போனோம். நான், செல்வி, பேச்சி, கவிதா, ஜாஸ்மின். ஜாஸ்மினின் அப்பா அப்போது எங்கள் ஊரில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பாலாலயம் முடிந்து, சாமியை ஒரு பலகைப் படத்துக்கு மாற்றிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். "சாமிதான் கொட்டகைல இருக்காகளே, மேல வெறுஞ் செங்கல்லுதான" என்றாள் பேச்சி. ஆனால் வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் விமானத்தில் ஏறக்கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. எங்களில் மூன்று பேர் வயதுக்கு வந்தவர்கள். திருப்பணிக் கமிட்டித் தலைவர் என் அப்பா.

ஏறினோம்!

மேலே அப்படி ஒரு காற்று... ஒரு பக்கம் திராட்சைப் பந்தல்கள், இன்னொரு பக்கம் வயல், தூரத்தில் காற்றாலைகள். பகல் முழுக்க வெயில் குடித்த அந்த உருண்டைத் தலை சூடாக இருந்தது. கன்னத்தை வைத்துக் கட்டிப்பிடித்தோம். ஐந்து பேரும் கை கோத்தால் சரியாக ஒரு சுற்று. கடைசியில் என் விரல் நுனியும் ஜாஸ்மினின் விரல் நுனியும் பட்டும் படாமலும் தொட்டன.

"ஏ புள்ள, சுத்தளவு எடுப்போம்டி. கணக்கு சாருட்ட காட்டுவோம்" என்றாள் ஜாஸ்மின். கொத்தனார் கூடையில் சணல் கயிறு கிடந்தது. சுற்றினோம், ஒரு சாண் பத்தவில்லை. தன் சிவப்பு ரிப்பனை அவிழ்த்துக் கயிற்றோடு முடிந்து, சரியாகச் சேருகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள்.

கணக்கு சாரிடம் காட்டவே இல்லை, பயம். கயிறு மூன்று வருடமாக என் பவுடர் டப்பாவில் இருக்கிறது.

திருப்பணி இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. போன மாதம், ஸ்தபதி போடியில் வேறு வேலைக்குப் போயிருந்தபோது, அரசமர வேர் பிளந்த அந்தத் தலையை ஆட்கள் இடித்துவிட்டார்கள். அளவே எடுக்கவில்லை. ஸ்தபதி வந்து தலையில் அடித்துக்கொண்டார். நாளைக் காலையில் கமிட்டி கூடுகிறது.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "அளவு இல்லாம வட்டத்த எப்படிக் கட்டுறது? எல்லா ஊரு மாதிரியும் சதுரமா முடிச்சுருங்கன்னு எல்லாரும் சொல்லிட்டாக" என்றார். பாதிச் சோற்றில் கை கழுவினார். அப்பாவுக்கும் அந்த மொட்டைத் தலை பிடிக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

கயிற்றைக் கொடுத்தால் யார் ஏறினீர்கள் என்று கேட்பார்கள். ஐந்து பேரும் மாட்டுவோம். ஜாஸ்மின் ஏறியது தெரிந்தால் ஊரே கூடிவிடும். இப்போது தேனியில் இருக்கிறாள், போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "என் ரிப்பனையும் சேத்து அளக்கச் சொல்லு புள்ள. இல்லன்னா கோயில் ஒரு சாண் சின்னதாப் போயிரும்" என்றாள். மற்ற மூவரும் சரி என்றார்கள்.

இன்றைக்கு நாங்கள் ஐந்து பேரும் கை கோத்தால் தாராளமாக எட்டும். கை நீண்டுவிட்டது. கட்டிப்பிடிக்கத்தான் அங்கே தலை இல்லை...

கயிற்றை எடுத்து மடியில் வைத்திருக்கிறேன். ரிப்பன் வெளுத்துவிட்டது, முடிச்சு அப்படியே இருக்கிறது. காலை வரை காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று

கதவைத் தட்டுகிறார்கள்.

"ஆத்தா... முழிச்சா இருக்க?"

அப்பா. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். போனை அணைக்க வேண்டும். கயிற்றை ஒளிக்க... இல்லை, கயிற்றோடுதான் போய்க் கதவைத்