குழாய்க்காரரின் ஆரூடம்

முறுக்கிக்கொண்ட இரண்டு நாடுகளும் மறுபடி சேருமா என்று டிவியில் பேசுகிறவர்கள் தலைவர்களின் கைகுலுக்கலைப் பார்த்துச் சொல்வார்கள். குழாய்க்காரர் குளியலறையைப் பார்த்துச் சொல்வார். பூட்டிக் கிடக்கும் பக்கத்து நாட்டுத் தூதரகத்தில், துருப்பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் திறந்து மூடுவது அவர் வேலை. இந்த ஒன்பது வருடத்தில் இரண்டு தடவை பேப்பர்கள் ‘இதோ திறக்கிறது’ என்று குதித்தன. “தொட்டியைக் காலி பண்ணச் சொல்லியிருக்காங்க, திறக்காது” என்றார் இவர். திறக்கவில்லை. அதிலிருந்து தெருவுக்கே அவர் ஜோசியர்.

இந்த மாதம் ஏழு குளியலறைக்கும் ஹீட்டர் மாட்டச் சொல்லி உத்தரவு வந்தது. ஆளில்லாத வீட்டில் யாருக்கு வெந்நீர்? பத்து நாளில் கொடி ஏறிவிடும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அப்போதுதான் கவுண்டர்காரர் வந்தார். அந்தத் தூதரகத்தில் விசா மனு வாங்கிய உள்ளூர் ஆள். வரிசையில் நின்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘நாளைக்கு வாங்க’.

“அண்ணே, வெளியூர்க் கிடங்குல ஒரு வேலை வந்திருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள மூணு வருஷத்துக்குக் கையெழுத்து போடணும். தூதரகம் திறந்தா என் பழைய சீட்டே கிடைக்கும், பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டுப் போக வேணாம். திறக்குமா?”

குழாய்க்காரர் ஸ்பேனரை மெதுவாகத் துடைத்தார். அக்கா அந்த நாட்டு ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது, விசா கேட்டுப் போன குழாய்க்காரரை இதே ஆள் நான்கு நாள் திருப்பி அனுப்பினார். போட்டோவில் காது தெரியவில்லையாம். காது தெரிய எடுத்துக்கொண்டு போனால், இரண்டு காதும் ஒரே அளவில் இல்லையாம். ஐந்தாம் நாள் நாடுகள் உறவை முறித்துக்கொண்டன, தூதரகத்துக்குப் பூட்டு விழுந்தது. ஆறாம் நாள் அக்கா போய்ச் சேர்ந்தாள்.

“நாளைக்கு வாங்க” என்றார் குழாய்க்காரர்.

செவ்வாய் வந்தார். புதன் வந்தார். வியாழன் மழையில் நனைந்துகொண்டு வந்தார். மூன்று நாளும் அதே பதில்தான். ஒவ்வொரு முறையும் குழாய்க்காரருக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது.

“இன்னைக்குக் கடைசி நாள்ணே” என்றார் வெள்ளிக்கிழமை.

“உங்க போட்டோல காது தெரியலையே.”

கவுண்டர்காரர் திருதிருவென்று விழித்தார். “எந்த போட்டோ?”

ஞாபகமே இல்லை! தன் அக்காவின் சாவு அந்த ஆள் மனதில் தூசியாகக்கூட ஒட்டவில்லை. மிச்சமிருந்த கொஞ்ச இரக்கமும் அந்த நிமிடமே வற்றிப்போனது.

“திறக்காது. போய்க் கையெழுத்தைப் போடுங்க.”

கும்பிட்டுவிட்டுப் போனார் மனுஷன்.

அடுத்த வாரம் கொடி ஏறியது. கவுண்டர்காரரின் மனைவி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். எதிர்க் கடையில் குழாய்க்காரர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தபடி அவளைப் பார்த்தார். ஒன்பது வருடத்து எரிச்சல் தணிந்தது. பிறகு போய் விசா வரிசையில் முதல் ஆளாக நின்றார்.

கவுண்டரில் புதிதாக ஒரு பெண். போட்டோவை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“காது…” என்று இழுத்தார்.

“அதெல்லாம் யார் சார் பார்க்கிறா? அங்க யாரைப் பார்க்கப் போறீங்க?”

“எங்க அக்காவை.”

“அட்ரஸ் சொல்லுங்க.”

பின்னால் வரிசை நெருக்கியது. அவர் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு வரேம்மா” என்றார்.