நகரிக் கட்டில் ஒரு கவர் அதிகம்

இது நடந்தது. யாரோ சொல்லி யாரோ கேட்டதல்ல. பிரேமலதாவின் கண் முன்னால் நடந்தது. அவள் இன்னும் அங்கேயே வேலை பார்ப்பதால் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். திருப்பதியில் இருக்கிறது, அது போதும். தேதி, சென்ற வருடம் மார்ச் 8, இரண்டாவது சனிக்கிழமை. நேரம் பட்டப்பகல். பேய் வர ராத்திரியாக வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை வெயிலில் உட்கார்ந்தே படிக்கட்டும்.

பிரேமலதாவுக்கு ஊர் புத்தூர். தபால் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. பட்டச் சான்றிதழ்களைக் கவரில் போடுவது, லேபிள் ஒட்டுவது, பார்கோடு ஒட்டுவது, பின்கோடு வாரியாகக் கட்டுக் கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. எந்தத் தேதியில் எத்தனை கவர் போகும் என்று தபால் ஆபீசுடன் பேசி நாள் குறிப்பவர் அந்தப் பிரிவின் சூப்பிரண்டு தாமோதரன். சத்தியவேடு பக்கத்துக்காரர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

முதலில், ஜனவரியில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

நகரியிலிருந்து யாமினி என்று ஒரு பெண். விசைத்தறிக்காரர் எத்திராஜின் மகள். சர்க்கார் டீச்சர் வேலைக்குத் தேர்வாகியிருந்தாள். அசல் பட்டச் சான்றிதழ் எப்போது தபாலில் வரும் என்று கேட்க ஆபீசுக்கு வந்தாள். கவுன்டரில் அன்று ஏகக் கூட்டம். தாமோதரன் பதினொன்றரைக்குத்தான் வந்தார்.

"பத்தரைன்னு போர்டுல போட்டுக்கினு பதினொன்னரைக்கு வர்றீங்களே சார்? ஊர்லேர்ந்து வர்றவங்க இன்னா பண்றது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். கேட்டதோடு நிற்காமல் ரிஜிஸ்திராருக்குப் புகாரும் எழுதிப் போட்டாள். தாமோதரனுக்கு மெமோ வந்தது.

ஜனவரி 20 அன்று முதல் தவணை கவர்கள் கிளம்பின. வண்டி வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் தாமோதரன் நகரிக் கட்டைப் பிரித்து ஒரு கவரை உருவினார். தன் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"கொஞ்சம் அலையட்டும்" என்றார்.

பிரேமலதா பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

யாமினி நான்கு முறை வந்தாள். கவுன்டர் பலகையை நகத்தால் தட்டுவாள். டக், டக், டக். "சார், எப்போ வரும்?" ஒவ்வொரு முறையும் ஒரே பதில்: "போஸ்ட்ல போயிடுச்சும்மா. அடுத்த வாரம் வந்துரும்." நான்காவது முறை வந்தது பிப்ரவரி 10. சித்தூரில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு இரண்டே நாள் இருந்தது. அசல் இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அழுதாள். அதே பதில்தான் கிடைத்தது.

திரும்பிப் போகும்போது, புத்தூரில் பஸ் மாற இறங்கி ரோட்டைக் கடந்தவளை லாரி அடித்தது. அங்கேயே போய்விட்டாள்.

செய்தி ஆபீசுக்கு வந்தபோது தாமோதரன் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்தார். டிராயரைத் திறக்கவில்லை.

இனி மார்ச் 8.

இரண்டாவது தவணை. மொத்தம் 2,318 கவர்கள். விடுமுறை நாள்தான். ஆனால் தபால் வண்டிக்கு மாலை நாலரை மணி என்று தாமோதரன் நேரம் வாங்கியிருந்தார். கட்டிடத்தில் அவர்கள் இருவர் மட்டும். கவுன்டரின் பலகைக் கதவு சாத்தி, உள்ளே கொக்கி போட்டிருந்தது.

மதியம் 1:20. கட்டுகளை எண்ணிச் சீட்டோடு சரிபார்த்துக்கொண்டே வந்தாள் பிரேமலதா. காளஹஸ்தி சரி. ஏர்பேடு சரி. புத்தூர் சரி. நகரிக் கட்டின் சீட்டில் 31 என்று இருந்தது. எண்ணினால் 32.

தூக்கக் கலக்கம் என்று நினைத்தாள். முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி எண்ணினாள்.

32.

பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கவரிலும் பெயரைப் படித்து டிக் போட்டாள். எல்லாப் பெயரும் பட்டியலில் இருந்தன. அதிகப்படியாக ஒருவரும் இல்லை. முப்பத்தொரு டிக். கவரும் முப்பத்தொன்று.

நிம்மதியாகக் கட்டை மூடிவிட்டு, கடைசியாக ஒரு தடவை விரலால் ஓரத்தைத் தள்ளித் தள்ளி எண்ணினாள்.

32.

பெயரைப் பார்த்து எண்ணினால் முப்பத்தொன்று. பெயரைப் பார்க்காமல் எண்ணினால் முப்பத்திரண்டு. ஆறு முறை எண்ணினாள். ஆறு முறையும் அப்படியேதான் வந்தது.

"சார்... நகரி கட்டுல கணக்கு ஒத்து வர மாட்டேங்குது."

"இத்தினி வருஷமா எண்ற, ஒரு கட்டு எண்ணத் தெரியலியா? இப்படிக் குடு."

தாமோதரன் கட்டை வாங்கினார். முதல் கவரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இத்த யாரு வெச்சது?"

"எத்த சார்?"

"விளையாடாத பிரேமா. டிராயர் சாவி என்கிட்டதான் இருக்குது. நீ எப்பிடி எடுத்த?"

கவரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பிரேமலதா படித்தாள். ஹேமநாத் என்று யாரோ ஒரு பையனின் பெயர். நகரி மண்டலம்தான். சரியான கவர்தான்.

"ஹேமநாத்துன்னு போட்டிருக்குது சார்."

அவர் அதைத் தனியே வைத்தார். அடுத்ததைப் பார்த்தார். அதையும் தனியே வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. முப்பத்தொரு கவரும் மேஜை முழுக்கச் சிதறிக் கிடந்தன.

"எல்லாத்துலயும் அவ பேரு..." என்றார். "எல்லாத்துலயும்."

பிரேமலதாவின் கண்ணுக்கு முப்பத்தொரு வேறு வேறு பெயர்கள் தெரிந்தன.

3:40. கரண்ட் போனது.

ஃபேன் சுற்றி... சுற்றி... நின்றது. கம்ப்யூட்டர் அணைந்தது. வெளியே காக்காய்ச் சத்தம்கூட இல்லை. தாமோதரன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. கிளம்பிவிடலாம் என்று பிரேமலதா நினைத்தாள். வண்டி வராமல் கிளம்பவும் முடியாது.

3:52.

டக். டக். டக்.

கவுன்டர் பலகையில்... வெளியிலிருந்து.

வராந்தாவின் இரும்பு ஷட்டரைக் காலையில் அவளே இறக்கிப் பூட்டியிருந்தாள். சாவி அவள் பையில் இருந்தது. வெளியே யாரும் நிற்க வழியில்லை.

டக். டக். டக்.

"சார், போவாதீங்க" என்றாள்.

தாமோதரன் எழுந்தார். கவுன்டருக்கு முன் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். சாத்திய பலகையைப் பார்த்துப் பேசினார்.

"போஸ்ட்ல போயிடுச்சும்மா. அடுத்த வாரம் வந்துரும்."

பிரேமலதாவின் காதில் கேள்வி விழவில்லை. பதில் மட்டும் கேட்டது.

டக். டக். டக்.

"போஸ்ட்ல போயிடுச்சும்மா. அடுத்த வாரம் வந்துரும்."

மறுபடியும். மறுபடியும். குரல் ஒவ்வொரு முறையும் தேய்ந்துகொண்டே போனது. அவர் வாயை மூட முயல்வது தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்குள்ளிருந்தும் அதே வார்த்தைகள் வந்தன. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

4:06.

தட்டும் சத்தம் நின்றது.

உள்ளே போட்டிருந்த கொக்கி... மெதுவாக... தானாகத் தூக்கிக்கொண்டது.

பலகை திறந்தது.

வெளியே வராந்தா. வெயில். யாரும் இல்லை.

தாமோதரனின் வலது கை தானாக நீண்டது.

மணிக்கட்டில் சதை அமுங்கியது.

நான்கு விரல் தடம். எதிர்ப்பக்கம் ஒரு கட்டைவிரல்.

"பிரேமா..." என்றார்.

கை கவுன்டர் ஓட்டைக்குள் போனது. முழங்கை வரை. தோள் வரை. கன்னம் மரச்சட்டத்தில் நசுங்கியது.

அவள் ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அந்தப் பக்கம் இழுத்த பலம்... ஆள் பலம் இல்லை.

திடீரென்று விட்டது.

அவர் எழுந்தார். அவளைப் பார்க்கவில்லை. செருப்பு, போன், கண்ணாடி எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டார். பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வராந்தாவில் நடந்தார். வலது கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது. குழந்தையைக் கையைப் பிடித்து இழுத்துப் போவார்களே, அப்படி.

ஷட்டர் திறந்தே இருந்தது.

மணி 4:10.

வெறுங்கால் நடக்கும் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால்... இன்னொரு சத்தம். லேடீஸ் செருப்பு. ஒரு கால் வைக்கிறது. ஒரு கால் இழுக்கிறது.

டப்... சர்ர்... டப்... சர்ர்...

நாலரைக்கு வண்டி வந்தது. தபால் ஆபீஸ் ஜெபகுமார் உள்ளே வந்தபோது பிரேமலதா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா மேடம் ஆச்சு? சார் செருப்பில்லாம ரோட்டுல போய்க்கினு இருக்காரு. கூப்ட்டேன், திரும்பலியே!"

சிதறிக் கிடந்த கவர்களை அவனே பொறுக்கி எண்ணினான்.

"நகரி முப்பத்தொன்னு. சரியா கீது மேடம்."

அன்று இரவு பத்து மணிக்குத் தாமோதரன் வீட்டுக்கு வந்தார் என்று அவர் மனைவி கங்கம்மாள் போனில் சொன்னாள். கால் முழுக்கப் புழுதி. பேச்சில்லை. மறுநாள் விடியற்காலையில் மறுபடி போய்விட்டார். கதவைப் பூட்டினாலும் போனார். கட்டிப் போட்டாலும் போனார். எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. புத்தி பிசகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஆபீசில் மெடிக்கல் லீவு போட்டார்கள்.

பிரேமலதாவுக்குத் தூக்கம் போனது. கவரை உருவியதைத் தான் பார்த்தோம், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் உயிரோடு இருந்திருப்பாள் என்ற எண்ணம் அவளை விடவில்லை. எட்டாம் நாள் சனிக்கிழமை, ஆள் வைத்து டிராயர் பூட்டை உடைத்தாள். கவர் இருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அதைப் பையில் வைத்துக்கொண்டு நகரிக்கு பஸ் ஏறினாள்.

தறிச் சத்தம் நிறைந்த தெரு. எத்திராஜின் வீட்டில் மட்டும் தறி ஓடவில்லை. அவர் பாவு சுற்றிய உருளையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள்.

பிரேமலதா எல்லாவற்றையும் சொன்னாள். மெமோ, டிராயர், நான்கு முறை சொன்ன பொய். தான் வாய் மூடி இருந்ததையும் சொன்னாள். அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் அடிக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆளு குட்டையா, வழுக்கையா இருப்பாரா?" என்றார்.

"ஆமா அண்ணா."

"டெய்லி வர்றாரு."

பிரேமலதா வாசல் பக்கம் திரும்பினாள்.

"இங்கியா?"

"பத்தே முக்காலுக்கு வருவாரு. வாசப்படில நிப்பாரு. கதவ மூணு தட்டு தட்டுவாரு. 'சார், எப்போ வரும்?'னு கேப்பாரு. பதிலுக்கு நிக்க மாட்டாரு, போயிடுவாரு. ஒரு வாரமா இதான்."

"இத்தோட எல்லாம் தீந்துரும் அண்ணா" என்று கவரை இரண்டு கையாலும் நீட்டினாள். "உங்க பொண்ணு சர்டிபிகேட். நீங்க வாங்கிக்கினா போதும். அவரையும் விட்டுருவா."

எத்திராஜ் கவரைப் பார்த்தார். லேபிளில் மகள் பெயரைப் படித்தார். கை நீட்டவில்லை.

"அவரு தனியா வர்லம்மா" என்றார் மெல்ல. "ஒரு பொண்ணு கைய புடிச்சு இட்டாந்து விடுது. மஞ்ச சுடிதார். ஜடை பின்னிக்கினு. தெரு முனைல திரும்பி நின்னுக்கினு இருக்கும். நான் முதுகு மட்டும்தான் பாத்திருக்கேன்."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"கூப்புடலியா அண்ணா?"

"கூப்ட்டா திரும்பிடும்." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "லாரி ஏறுனது மூஞ்சில. ஆஸ்பத்திரில எனக்குக் காட்டவே இல்ல."

சுவர்க் கடிகாரத்தில் மணி 10:41.

தெருவில், தறிச் சத்தத்துக்கு நடுவே... டப்... சர்ர்...

எத்திராஜ் எழுந்தார். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தார். சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு, அவள் நீட்டியபடியே இருந்த கவரை அவள் பக்கமே தள்ளினார்.

"எடுத்துக்கினு போயிடும்மா. இத்த நான் வாங்கிக்கினா, நாளைலேர்ந்து அவ வர மாட்டா."

டக். டக். டக்.