கல்லு வண்டி டிரைவருக்கு ஒரு பதில்

அற்புதராஜ் சார் போய்விட்டார்.

காலையில் அவர் மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். தொண்ணூறு தாண்டிய வயது. தூக்கத்திலேயே...

நான் இங்கே அதிகம் எழுதுகிறவள் இல்லை. இதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரம் லோகோ ஷெட் ஆபீசில் நான் கிளார்க். எங்கள் வீட்டில் முதல் டிகிரி. அப்பா அதே ரயில்வேயில் கேங்மேன், தண்டவாள வேலை.

மின்சார எஞ்சின்கள் வந்த பிறகு பழைய கரி எஞ்சின்கள் சிலவற்றைப் பாசஞ்சரிலிருந்து கழற்றி, ரயில்வேயின் சொந்த வேலைக்கு, அதாவது டிபார்ட்மென்ட் வேலைக்கு, கொடுத்தார்கள். டிக்கெட் வாங்கிய ஒருவர்கூட அதன் பின்னால் வரமாட்டார். பல்லாவரத்தில் ஜல்லி ஏற்றி, ஊரப்பாக்கம் வரை தண்டவாளத்தில் கொட்டிக்கொண்டு போகும். ஷெட்டில் அதற்குப் பெயர் கல்லு வண்டி.

விழுப்புரம் பாசஞ்சர் ஓட்டிக்கொண்டிருந்த அற்புதராஜ் சார் தானாகக் கேட்டு அந்தக் கல்லு வண்டிக்கு வந்தார்.

"பாசஞ்சர வுட்டுட்டு எவனாவது கல்லு வண்டிக்கு வருவானா? எஞ்சின் கரிய எறக்கி விக்கிறாரு போல கீது," என்றார் ஒரு ஃபிட்டர்.

"சர்ச்சுக்குப் போற மனுசன்யா அவரு," என்றார் இன்னொருவர்.

"அதான் சொல்றேன். ஞாயித்துக்கெழம முட்டி போட்டுக்கினா எல்லாம் சரியாப் பூடும்."

நானும் சந்தேகப்பட்டேன். கரி விஷயத்தில் இல்லை.

என் ஜன்னலுக்கு நேரே ஒரு சிக்னல். எஞ்சின் வெளியே போகும்போது டிரைவர் அதைப் பார்த்து நிறத்தை உரக்கச் சொல்வார், கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் திருப்பிச் சொல்வார். எங்கள் ஷெட்டில் எல்லா எஞ்சினிலும் அதுதான் வழக்கம்.

கல்லு வண்டியில் மட்டும் ஃபயர்மேன் கன்னியப்பன் முதலில் கத்துவார். "பச்ச சார்!" அதற்கப்புறம்தான் சாரின் குரல். "பச்சை."

ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. தினமும்.

இன்னொன்று... பிளாட்பாரத்தில் நேரெதிரே வந்தாலும் நான் "குட் மார்னிங் சார்" சொல்லும்வரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது. குரல் கேட்டதும் "அடடே, வாம்மா."

ரிஜிஸ்டரைப் புரட்டினேன். டிரைவர்களுக்கு அவ்வப்போது கண் பரிசோதனை உண்டு. லிஸ்டைப் பார்த்துத்தான் பரிசோதனைக்குப் போகச் சொல்லி மெமோ அடிப்போம். எஞ்சினை டிபார்ட்மென்டுக்கு மாற்றியபோது அவர் பெயரையும் அந்த லிஸ்டிலிருந்து அடித்திருந்தார்கள். வேறு எந்த லிஸ்டிலும் ஏற்றவில்லை.

அதாவது, யாரும் அவரைப் பரிசோதனைக்குக் கூப்பிடப் போவதில்லை. தெரிந்துதான் கேட்டு வந்தாரா?

நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று வேலைக்கு வந்த பெண். யாரிடம் போய் என்னவென்று சொல்வது...

ஒரு மாலை அப்பா சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நாங்க தண்டவாளத்துல கல்லு தள்ளிக்கினு இருக்கோம். கார்டு செவப்புக் கொடி காட்டிக்கினே கீறாரு, வண்டி பாட்டுக்கு ரிவர்ஸ்ல எங்க மேல வந்துகினே கீது. கன்னியப்பன் போட்டான் பாரு ஒரு சத்தம்... நாலு பேரும் பள்ளத்துல குதிச்சோம்."

"யாருப்பா டிரைவர்?"

"நம்ம அற்புதராஜ் ஐயாதான். எறங்கி வந்து எங்க கையெல்லாம் புடிச்சிக்கினாரு, பாவம். ஆபீஸ்ல வாய வுட்டுடாதம்மா. தங்கமான மனுசன்."

அப்பாவின் முழங்காலில் ஜல்லி கிழித்த காயம். வேட்டியால் மூடி வைத்திருந்தார்.

மறுநாள் சார் பெயருக்குக் கண் பரிசோதனை மெமோவை டைப் செய்து, ஃபோர்மேன் கையெழுத்துக்குப் போகும் காகிதக் கட்டின் நடுவில் செருகினேன். படிக்காமல் போடுவார் என்று தெரியும். படிக்காமல்தான் போட்டார்.

பரிசோதனையில் சார் தேறவில்லை. எஞ்சினிலிருந்து இறக்கி எங்கள் ஆபீசில் உட்கார வைத்தார்கள். என் எதிர் மேஜை.

ஒரு வாரம் கழித்துக் கேட்டார்.

"அந்த மெமோ நீ போட்டதாம்மா?"

"இல்ல சார். மேலேருந்து வந்துச்சு."

"அப்படியா... சரிம்மா."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எல்லோருக்கும் கல்கல் பலகாரப் பொட்டலம் கொண்டுவந்தார். எனக்குக் கொடுத்தது மட்டும் பெரிது. மற்றவர்களுடையதை ஓரக்கண்ணால் பார்த்தேன். நிச்சயமாகப் பெரிது.

ஏன்?

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா சாப்பிட்டார். நான் தொடவில்லை.

பாசஞ்சரில் அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்று பயந்துதான் கல்லு வண்டி கேட்டாரோ என்றும் சில நாள் தோன்றும். அப்படியென்றால் தண்டவாளத்தில் நின்ற அந்த நாலு பேர்...?

அதையும் நான் கேட்கவில்லை. அவர் ரிட்டயர் ஆகும்வரை எதிரெதிர் மேஜை. தினமும் ஒரு குட் மார்னிங், அதோடு சரி.

அப்பா கை கால் நன்றாக இருக்கும்போதே ரிட்டயர் ஆனார். மெமோ விஷயம் கடைசிவரை அவருக்கும் தெரியாது.

குட் மார்னிங் சார்.

அந்த மெமோ நான் போட்டதுதான்.