உறைந்துபோன காற்றுக்குழாய்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். ரொறன்ரோவுக்கு வடக்கே, என் கணவரின் நண்பர் வீட்டுக்குப் போகும் காட்டுப்பாதையில் எங்கள் ஜீப் பனியில் புதைந்தது. நான்தான் ஓட்டினேன். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் காற்றுப் பூட்டின் சுவிட்சை அழுத்தினேன். பூட்டு விழவில்லை.

"உடைச்சுப்போட்டாய்! உனக்கு ஏன் உந்த வேலை?" என்று பக்கத்தில் இருந்த கணவர் கத்தினார். பின்னால் எங்கள் மகள்கள் இருவரும் இருந்தார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் காற்றடிக்கும் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் காற்று பூட்டுக்குப் போய்ச் சேரவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தேன். மெல்லிய காற்றுக்குழாயின் வளைவில் பனி அப்பியிருந்தது. உள்ளே இருந்த ஈரமும் உறைந்திருக்க வேண்டும். பிளாஸ்கில் இருந்த சுடு தேநீர் முழுவதையும் அதன்மேல் ஊற்றினேன். ஏறி சுவிட்சைத் திரும்ப அழுத்தியதும் 'டக்'கென்று பூட்டு விழுந்தது. ஜீப் மெல்ல மேலேறியது.

"சரி, இறங்கு. இனி ஜீப்பை நான் ஓடுறன்," என்றார்.

"நான் ஒண்டையும் உடைக்கேல்லை. பேசாமல் இருங்கோ!" என்று கத்தினேன்.

மகள்கள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர் கத்தியபோது அவர்கள் திடுக்கிடவேயில்லை. அதைக் கண்டு வந்த கோபம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை.