கப்பல் மணி யாருக்குச் சொந்தம்?

நான் ஏழாம் வகுப்பு படித்த வருஷம், குப்பத்துப் பெண் ஒருத்தி என் அப்பாவை என்னிடமிருந்து பறித்துக்கொண்டாள். அப்படித்தான் அன்று நினைத்தேன்.

அப்பா வக்கீல். ஆழ்வார்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவர் ஆபீஸ். கப்பல், துறைமுகம் சம்பந்தப்பட்ட வழக்குகளே அதிகம் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரூர் குப்பத்திலிருந்து மீனவர் ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவளுக்கும் என் வயதுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் வலையில் ஒரு கப்பல் மணி சிக்கியிருந்தது. சோற்றுக் குண்டான் அளவு, மேலெல்லாம் சிப்பி ஒட்டிய பித்தளை. பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து விலை பேசியதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கடல்ல கெடச்சது எடுத்தவனுக்குத்தானே சார் சொந்தம்?"

"அப்படி இல்லீங்க" என்றார் அப்பா. மூழ்கிப்போன கப்பலுக்கும் சொந்தக்காரன் உண்டு. அரசாங்க அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வருஷத்துக்குள் உரியவர் வந்தால் மணி அவருக்கு. ஆனால் மீட்டவருக்கு அவர் கூலி கொடுத்தாக வேண்டும். யாரும் வராவிட்டால் அரசாங்கத்துக்கு. அப்போதும் மீட்டவருக்கு ஏதாவது கிடைக்கும்.

"அப்ப கப்பல் பேரு தெரியணும்ல?" என்றாள் அந்தப் பெண். "அதுல எழுத்து கீது சார். நான் தேச்சுப் பாக்கறேன்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் என்ன சொல்லியும் அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் தன் அப்பாவோடு வந்தாள். வாரம் முழுக்கத் தன் வீட்டில் மணியைப் புளி போட்டுத் தேய்ப்பாள். தெரியவரும் எழுத்தின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் உரசி எடுத்து வருவாள். ஒரு வாரம் 'எம்', அடுத்த வாரம் 'ஏ'. காலை எட்டு மணியிலிருந்தே அப்பாவின் கண் வாசல் கேட்டில் இருக்கும். தன் பக்கத்திலேயே அவளுக்கு நாற்காலி போடுவார். அந்த அறைக்குள் நான் கதவைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும். முதல் ரேங்க் வாங்கிய கார்டை நீட்டியபோதுகூட, பார்வை அந்தக் காகிதத்திலேயே இருக்க, கை மட்டும் கையெழுத்துப் போட்டது.

நான்கு எழுத்துகள் சேர்ந்திருந்த ஒரு ஞாயிறு, காலைப் பலகாரத்தின்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "மணிய இத்தனை மாசம் வீட்ல வச்சிருந்தது தப்புதான், கேஸ் போடலாம். ஆனா நாமளே போய் எழுதிக் குடுத்துட்டா ஒண்ணும் ஆகாது. நாளைக்கே அவரக் கூட்டிட்டுப் போறேன்."

அன்று அவள் தனியாக வந்தாள். கேட்டிலேயே மடக்கினேன்.

"உங்கப்பா மணிய ஒளிச்சு வச்சது தப்பாம். கேஸ் போட்டு ஜெயில்ல தள்ளிடுவாங்களாம். எங்கப்பாதான் சொன்னாரு."

ஜெயிலை நானே சேர்த்துக்கொண்டேன். 'ஆனா'வுக்குப் பிறகு வந்ததை விழுங்கிவிட்டேன். அவள் கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டு, உள்ளே வராமல் பஸ் ஸ்டாப் பக்கம் ஓடினாள். அப்பா மத்தியானம் வரை கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு அவளும் அவள் அப்பாவும் வந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"மணி இல்ல சார். கொண்டுபோயி ஆழத்துல போட்டுட்டேன்."

அப்பா பேனாவை மூடி வைத்தார். பிறகு, "யாராவது எதுனா சொல்லிப் பயமுறுத்தினாங்களா?" என்று கேட்டார்.

கதவுத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மீனவர் தன் மகளைப் பார்த்தார்.

"யாரும் இன்னாவும் சொல்லல சார்" என்றாள் அவள்.

கிளம்பும்போது தன் அப்பாவை முன்னால் போகவிட்டு, என்னிடம் வந்து கையைப் பிடித்தாள். அடிக்கப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"உங்கப்பா சொன்னத எங்கிட்ட சொன்னியே, நல்லவேளை. நைனா தப்பிச்சாரு. உன் பேர யாராண்டயும் சொல்ல மாட்டேன், சத்தியமா."

சரியான ஏமாளி என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். உள்ளே ஓடி, அப்பாவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இருந்தாலும் ஜெயித்துவிட்டதாகவே இருந்தது. அவள் என்னைத் தன் தோழி என்று நம்பிப் போனாள் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.